டாட் காம் வேறொருவரிடம், மற்ற எட்டும் என்னிடம்: விற்றால் விலை போகுமா?

கடிதத்தின் சுருக்கம்

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், பக்க வருமானத்துக்காகச் சென்ற ஆண்டு பத்து டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளை, வாங்கியிருக்கிறார். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் தொழில்நுட்பத்தைக் குறிக்கும் ஓர் இரட்டைச் சொல் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதன் டாட் காம் யாரோ ஒருவரிடம் பல ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது. எனவே அதே சொல்லை டாட் நெட், டாட் ஆர்க், டாட் கோ, டாட் ஐஓ, டாட் எக்ஸ்ஒய்இசட், டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர், டாட் டெக் என எட்டுப் பின்னொட்டுகளில் பதிவு செய்துவிட்டார். ஒன்பதாவது, வேறொரு சிறிய அகராதிச் சொல்லோடு டாட் ஏஐ. பத்தாவது, உலகறிந்த ஒரு காலணி நிறுவனத்தின் பெயரோடு டாட் ஷாப்.

இப்போது புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. பில் 460 டாலர். வாங்கும்போது இவ்வளவு ஆகவில்லை என்று திகைத்துப்போய் எழுதியிருக்கிறார். தானியங்கி மதிப்பீட்டுக் கருவி ஒன்று டாட் நெட்டுக்கு 2,400 டாலர், டாட் ஸ்டோருக்கு 1,900 டாலர் என்று காட்டுகிறதாம். டாட் ஸ்டோரை வாங்க ஒருவர் மின்னஞ்சலில் முன்வந்திருக்கிறார்; ஆனால் குறிப்பிட்ட ஒரு தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்கிறார். டாட் ஏஐ பெயருக்கு ‘என்ன விலை?’ என்று ஒரே வரியில் ஒரு விசாரணை வந்து கிடக்கிறது. அவருடைய கேள்விகள்: டாட் காம் ஒரு லட்சம் டாலர் போகுமென்றால் என்னிடம் இருப்பவை அதில் எத்தனை பங்கு போகும்? மீதிப் பின்னொட்டுகளையும் வாங்கி ‘செட்’டை முழுமையாக்கலாமா? காலணி நிறுவனத்துக்கே அந்த டாட் ஷாப்பை விற்க முடியுமா?

ஆலோசனை

அன்புள்ள வாசகருக்கு,

டொமைன் விற்பனை ஒப்பந்தங்களையும் பெயர்த் தகராறுகளையும் கையாளும் வழக்கறிஞர் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம், பில்லைக் கட்டுவதற்கு முன்பே கேட்டது. பலர் மூன்று ஆண்டு கட்டிய பிறகுதான் கேட்கிறார்கள்.

முதல் கேள்வியிலேயே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. டாட் காமின் விலையில் டாட் நெட்டுக்குப் பத்தில் ஒன்று, டாட் ஆர்க்குக்கு இவ்வளவு என்றெல்லாம் வாய்ப்பாடு சொல்பவர்கள் உண்டு. அவற்றை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2019-ல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு விற்றது. அதே சொல் ஆன்லைன், ஸ்டோர் போன்ற பின்னொட்டுகளில் இருந்தால் அவற்றின் விலை 3 கோடியிலிருந்து கழித்துக் கழித்து வருவதில்லை. அந்தப் பின்னொட்டோடு அந்தப் பெயரை வாங்கக் காரணமுள்ள ஆள் உலகத்தில் எத்தனை பேர் என்பதிலிருந்துதான் வரும். ஒருவருமே இல்லையென்றால் டாட் காம் எத்தனை கோடிக்குப் போனாலும் உங்கள் பெயரின் விலை பூஜ்யம்தான்.

இந்தச் சந்தையில் தேவை பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகிறது. டாட் ஐஓ-விலோ டாட் கோ-விலோ தொடங்கிய நிறுவனம் வளர்ந்ததும் டாட் காமைத் தேடிப் போகும். டாட் காம் கையில் இருக்கும் நிறுவனம் டாட் ஸ்டோரைத் தேடி வந்து பெரும்பணம் தருவது அபூர்வம். வந்தாலும் தற்காப்புக்காகச் சில நூறு டாலரோடு நின்றுவிடும். ஆக, டாட் காம் கிடைக்காதவரோ அதை வாங்க முடியாதவரோதான் உங்களிடம் வருவார். அவருடைய பட்ஜெட் சிறியது. அவருக்கு வேறு வழிகளும் நிறைய: பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்க்கலாம், இன்னொரு பின்னொட்டுக்குப் போகலாம், பெயரையே மாற்றிவிடலாம்.

அடுத்தவர் கையில் இருக்கும் டாட் காம் உங்கள் பெயரின் மதிப்பை எப்படித் தின்கிறது என்பதற்கு அமெரிக்க இணைய விற்பனை நிறுவனமான ஓவர்ஸ்டாக்கின் அனுபவம் நல்ல பாடம். 2010-ல் ‘ஓ டாட் கோ’ என்ற ஒற்றை எழுத்து முகவரியை 3,50,000 டாலருக்கு வாங்கி, அடுத்த ஆண்டு அதையே தன் முதன்மைப் பெயராக விளம்பரப்படுத்தியது. விளம்பரம் பார்த்தவர்கள் பழக்கதோஷத்தில் ‘ஓ டாட் காம்’ என்று தட்டினார்கள். அப்படி ஒரு தளமே கிடையாது. ஒற்றை எழுத்து டாட் காம் பெயர்களில் பெரும்பாலானவை பதிவுக்கே கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவை. நிறுவனம் பழைய பெயருக்கே பின்வாங்கியது. அங்கேயாவது டாட் காம் பக்கம் ஆள் இல்லை. உங்கள் சொல்லின் டாட் காமுக்கு உரிமையாளர் இருக்கிறார். உங்களிடமிருந்து டாட் கோ-வை வாங்குபவரின் வாடிக்கையாளர் ஓர் எழுத்தைக் கூடுதலாகத் தட்டினால், விலைப்புள்ளியும் ஒப்பந்தமும் அந்நியர் ஒருவரின் அஞ்சல்பெட்டிக்குப் போய்ச் சேரலாம். விவரம் தெரிந்தவர் இதைக் கணக்கில் வைத்துத்தான் விலை பேசுவார்.

வைத்திருக்கும் செலவே பாதிக் கணக்கு

பில் ஏன் எகிறியது என்று நீங்கள் அனுப்பிய பட்டியலிலேயே தெரிகிறது. ஆன்லைன், ஸ்டோர், டெக், ஷாப் நான்கையும் முதலாண்டுச் சலுகையில் சேர்த்து 9 டாலருக்கு வாங்கியிருக்கிறீர்கள். புதுப்பிக்க 32, 48, 55, 36 என்று 171 டாலர் கேட்கிறார்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை. சலுகை முதல் ஆண்டுக்கு மட்டும் என்று பதிவுப் பக்கத்தில் எழுதித்தான் இருந்திருக்கும்.

இதற்குப் பின்னால் ஒப்பந்த வேறுபாடு ஒன்று இருக்கிறது. டாட் காமை நடத்தும் வெரிசைன் நிறுவனம் நினைத்தபடி விலை ஏற்ற முடியாது. அமெரிக்க வணிகத் துறையுடனும் இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்புடனும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் வரம்பு விதிக்கின்றன. அதன்படி 2024 செப்டம்பரில் மொத்த விற்பனை விலை 10.26 டாலர் ஆனது. 2012-ல் விண்ணப்பம் வாங்கி 2013 முதல் ஐகான் வெளியிட்ட புதிய பின்னொட்டுகளுக்கு அப்படிப்பட்ட உச்சவரம்பு இல்லை. புதுப்பிக்கும் விலையை ஏற்றுவதானால் 180 நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. அந்த அறிவிப்பும் உங்களுக்கு நேராக வராது, பெயரை உங்களுக்குப் பதிவு செய்து தந்த ரெஜிஸ்ட்ரார் நிறுவனத்துக்குப் போகும். விலை ஏறும் முன் பத்து ஆண்டு வரை புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆனால் விற்கத்தான் வைத்திருக்கிறோம் என்னும்போது பத்து ஆண்டுப் பணத்தை யார் கட்டுவார்கள்? இன்னொன்று: பதிவு செய்யும்போதே ‘பிரீமியம்’ என்று முத்திரை குத்தப்பட்ட பெயர்களில், சிலவற்றுக்கு அந்த உயர்ந்த விலையே ஆண்டுதோறும் தொடரும். அது மறுவிற்பனை மதிப்புக்குச் சான்று ஆகாது. வாங்க வருபவரும் அந்த ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்துத்தான் உங்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். இதை எளிதாகப் பிடித்துக்கொள்வீர்கள். நூறு பெயர் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் என்பது டொமைன் வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் தோராயம். அதுவும் நல்ல டாட் காம்களை வைத்திருப்பவர்கள் சொல்வது. அந்த வேகமே உங்களுக்கும் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பத்து பெயரில் ஒன்று விற்க ஐந்து முதல் பத்து ஆண்டு ஆகும். டாட் ஏஐ-க்குக் கேட்கும் 160 டாலர் இரண்டு ஆண்டுக்கானது. அதைப் பாதியாக்கிப் பார்த்தால் ஆண்டுச் செலவு 380 டாலர். ஐந்து ஆண்டில் 1,900. பத்து ஆண்டில் 3,800. அந்த ஒரே விற்பனை இதற்கு மேல் போனால்தான், அதுவும் விற்பனைத் தளம் கமிஷன் பிடித்த பிறகு, முதல் டாலர் லாபம்.

மதிப்பீட்டுக் கருவி சொன்ன 2,400 டாலரை இந்தக் கணக்கில் வரவு வைக்காதீர்கள். நடந்த விற்பனைகளைப் பார்த்துத்தான் அந்தக் கருவி கற்றுக்கொள்கிறது. விற்காமலே காலாவதியாகி உதிர்ந்த லட்சக்கணக்கான பெயர்களுக்கு யாரும் விலைப் பட்டியல் போடுவதில்லையே! கருவிக்கு நான் தரும் மரியாதை இவ்வளவுதான்: ஒரே சொல்லை இரண்டு பின்னொட்டுகளில் போட்டு எது முந்துகிறது என்று பார்க்கலாம். டாலர் எண்ணை மறந்துவிடுங்கள்.

உங்கள் பத்து பெயர்களில் எதை வைப்பது

டாட் நெட்டை வைத்துக்கொள்ளுங்கள். டாட் காமைப் போலவே 1985 முதல் இருப்பது, யாருக்கும் விளக்க வேண்டாதது, புதுப்பிக்க 15 டாலர்தான். மின்கட்டமைப்பு தொடர்பான பெயருக்கு ‘நெட்’ பொருத்தமாகவும் இருக்கிறது. டாட் ஆர்க்கின் பலம் சங்கங்கள், அறக்கட்டளைகள், பொதுநல அமைப்புகளிடம். உங்கள் சொல்லோ பொருள் விற்கும் நிறுவனத்தின் பெயர்போல இருக்கிறது. 13 டாலர் பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் வாங்குபவர் யாரென்று என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. விட்டுவிடலாம்.

டாட் கோ கொலம்பியாவின் நாட்டுக் குறியீடு. 2010-ல் உலகம் முழுமைக்கும் திறந்துவிட்டதிலிருந்து புதுநிறுவனங்கள் அதை வாங்குகின்றன. மேலே சொன்ன குழப்பம் இருந்தாலும் ஓர் ஆண்டு பொறுத்துப் பார்க்கலாம். அதற்குள் ஒரு விசாரணைகூட வரவில்லையென்றால் போகட்டும்.

டாட் ஐஓ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது வெறும் ரசனை சார்ந்த விஷயமில்லை. பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்துக்கு ஒதுக்கிய குறியீடு அது. அந்தத் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு மாற்றும் உடன்படிக்கையில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டது. ஒரு பிரதேசத்தின் குறியீடு சர்வதேசப் பட்டியலிலிருந்து நீங்கினால், அதற்குரிய பின்னொட்டையும் படிப்படியாக ஓய்வுபெறச் செய்யும் விதிமுறை ஐகானிடம் இருக்கிறது; வழக்கமான அவகாசம் ஐந்து ஆண்டு. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு 2010-ல் அப்படித்தான் நீக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் டாட் எஸ்யு இன்னமும் உயிரோடு இருக்கிறது என்பது மறுபக்கம். டாட் ஐஓ நாளையே மறைந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. எச்சரிக்கையான வாங்குபவர் இதை ஒரு பேரப் புள்ளியாக வைப்பார் என்கிறேன். தவிர, டாட் ஐஓ-வை விரும்புபவர்கள் மென்பொருள் ஆட்கள். உங்கள் சொல் மின்கலன்காரர்களுடையது. 55 டாலருக்கு அந்தப் பொருத்தமின்மையைத் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

எக்ஸ்ஒய்இசட், ஆன்லைன், ஸ்டோர், டெக் நான்கையும் காலாவதியாக விடுங்கள். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2015-ல் டாட் எக்ஸ்ஒய்இசட் முகவரியோடு வந்தது என்று கடிதத்தில் உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். உண்மைதான். அது ‘ஏபிசி’ என்ற மூன்று எழுத்தோடு சேர்ந்து சொல்விளையாட்டாக அமைந்தது. அதை எடுத்ததும் எந்த முகவரியிலும் தன்னை நிலைநிறுத்தக்கூடிய நிறுவனம். அந்தப் பெருமை அடுத்த சொல்லுக்குத் தொற்றாது. பின்னொட்டு அலைகளுக்கு ஆயுள் எவ்வளவு என்று தெரிய டாட் மோபியைப் பாருங்கள். கைபேசித் தளங்களுக்கென்றே வந்தது; 2006-ல் ‘ஃபிளவர்ஸ் டாட் மோபி’ ஏலத்தில் 2 லட்சம் டாலர் போனது. அடுத்த ஆண்டே ஐபோன் வந்தது. சாதாரணத் தளங்களே கைபேசியில் திறக்க ஆரம்பித்ததும் அந்தப் பின்னொட்டுக்கான காரணமே போய்விட்டது.

‘செட்’டை முழுமையாக்கும் யோசனையும் இங்கேயே முடிந்துவிடுகிறது. 2012 சுற்றில் மட்டும் 1,930 விண்ணப்பங்கள் வந்து 1,200-க்கு மேற்பட்ட பின்னொட்டுகள் இணையத்தில் சேர்ந்தன. அடுத்த சுற்றையும் ஐகான் அறிவித்திருக்கிறது. இந்த செட்டுக்கு முடிவே கிடையாது. வாங்குபவருக்கோ ஒன்றுதான் வேண்டும். மற்ற ஏழையும் நீங்கள் வைத்திருப்பதால் அவர் கூடுதலாக எதுவும் தரப்போவதில்லை.

ஏதாவது ஒரு பெயரை விடவே மனம் வரவில்லையா? ஒரு மாலை உட்கார்ந்து தேடுங்கள். அதே இரட்டைச் சொல்லைத் தம் பெயரிலோ பொருளிலோ, முன்னும் பின்னும் ஏதோ ஒன்றைச் சேர்த்தோ பயன்படுத்தும் நிறுவனங்கள் எத்தனை என்று எழுதுங்கள். அதில் டாட் காமை ஏற்கெனவே வைத்திருப்பவர்களையும், தம் நாட்டுப் பின்னொட்டில் திருப்தியாக இருப்பவர்களையும் அடித்துவிடுங்கள். ஜெர்மனியில் டாட் டிஇ வைத்திருப்பவர் பெரும்பாலும் வேறு எதையும் தேட மாட்டார். மிஞ்சுபவர்கள்தான் உங்கள் சந்தை. மூன்று பேருக்குக் கீழே என்றால் நான் கட்ட மாட்டேன்.

காலணி நிறுவனத்தின் பெயர்: இதில் விலை பேசாதீர்கள்

‘அவர்களிடம் இருப்பது டாட் காம், என்னுடையது டாட் ஷாப், இரண்டும் வேறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1999 முதல் நடைமுறையில் இருக்கும் யூடிஆர்பி என்ற தகராறு விதிகளின்படி அந்த நிறுவனம் மூன்று விஷயங்களை நிறுவ வேண்டும்: உங்கள் பெயர் அவர்களுடைய டிரேட்மார்க்கைப் போல இருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறீர்கள். ஒற்றுமையைப் பார்க்கும்போது பின்னொட்டைப் பொதுவாகக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதுமட்டுமல்ல, ‘ஷாப்’ என்ற சொல் அவர்களுடைய அதிகாரபூர்வக் கடை இது என்ற தோற்றத்தைத் தருவதால் கெட்ட எண்ணத்துக்கு ஆதாரமாகவும் எடுத்துக்கொள்ளப்படலாம்.

நீங்கள் செய்ய நினைப்பதுதான் இதில் மிக ஆபத்தான காரியம். பதிவுச் செலவுக்கு மேல் விலை வைத்து டிரேட்மார்க் உரிமையாளருக்கே விற்கும் நோக்கத்தோடு பெயரைப் பதிவு செய்வது, கெட்ட எண்ணத்துக்கான சான்றுகளில் ஒன்றாக அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ‘வாங்கிக்கொள்கிறீர்களா?’ என்று நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலையே முதல் ஆவணமாக இணைப்பார்கள். யூடிஆர்பி-யில் தோற்றால் பெயர் பறிபோகும், அபராதம் கிடையாது. அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனால் அப்படியல்ல. அங்குள்ள 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெயருக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க இடம் தருகிறது.

இப்போதே அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். தளம் அமைக்காத பெயர்களில் ரெஜிஸ்ட்ராரே விளம்பர இணைப்புகளைப் போட்டுவைப்பதுண்டு. போட்டி நிறுவனத்தின் காலணி விளம்பரம் அங்கே ஓடினால், ‘நான் போடவில்லை’ என்ற பதில் பொதுவாக எடுபடாது. ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள உங்கள் கணக்கில் நுழைந்து அந்த விளம்பரங்களை நிறுத்துங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணையுங்கள், யாருக்கும் எழுதாமல் காலாவதியாக விடுங்கள்.

இதைப் படித்துவிட்டு மற்ற பெயர்களுக்கும் பயப்பட வேண்டாம். அகராதிச் சொற்களை மறுவிற்பனைக்காக வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது. யாராவது மிரட்டல் கடிதம் அனுப்பினால், அவர்களுடைய டிரேட்மார்க் நீங்கள் பதிவு செய்த தேதிக்கு முந்தியதா, எந்தப் பொருளுக்கானது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

வந்திருக்கும் இரண்டு மின்னஞ்சல்கள்

டாட் ஸ்டோருக்கு வந்தது மோசடி. சான்றிதழுக்கு நீங்கள் பணம் கட்டியதும் ‘வாங்குபவர்’ காணாமல் போய்விடுவார். உண்மையாக வாங்குபவர் எவரும் விற்பவரின் செலவில் மதிப்பீடு கேட்பதில்லை. பதில் போட வேண்டாம்.

டாட் ஏஐ விசாரணை வேறு ரகம். அங்குவிலா என்ற சிறிய தீவின் குறியீடு அது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்தப் பின்னொட்டில் எழுந்த தேவை எவ்வளவு பெரிது என்றால், 2023-ல் தீவு அரசின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் டொமைன் பதிவிலிருந்தே வந்தது. இதுவும் ஓர் அலைதான்; டாட் மோபியின் கதி இதற்கு வரவே வராது என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் உங்களிடம் இருப்பது சிறிய அகராதிச் சொல், பல துறைகளுக்குப் பொருந்தும், கேட்டு ஒருவர் வந்தும் இருக்கிறார். உங்கள் பத்தில் காத்திருக்கத் தகுதியான பெயர் இதுதான். முதலில் இதைப் புதுப்பியுங்கள். காலாவதி தேதி நெருங்குவது வெளியே யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தகவல். நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்று தெரிந்தால் அவர் காத்திருப்பாரே தவிர விலை சொல்ல மாட்டார்.

பதிலில் ‘நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்’ என்று மட்டும் எழுதினால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். இலவச மின்னஞ்சலில் வருபவர் சில சமயம் பெரிய நிறுவனத்தின் முகவராக இருப்பார், சில சமயம் கல்லூரி மாணவராக இருப்பார். யாரென்று துருவ வேண்டாம். அண்மையில் டாட் ஏஐ-யில் விற்ற ஒற்றைச் சொல் பெயர்களின் வெளியான விலைகளைப் பார்த்து, நீங்கள் இறங்கிவரத் தயாரான தொகைக்குச் சற்று மேலே ஒரு விலையை எழுதி, அது எத்தனை நாள் செல்லும் என்றும் சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொண்டால் எஸ்க்ரோ வழியாக மட்டும்: அவர் பணத்தை இடைநிலை நிறுவனத்தில் கட்டி, அவர்கள் உங்களுக்கு உறுதி செய்த பிறகே பெயரை மாற்றுங்கள். அந்த உறுதிச் செய்தியை மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொட்டுப் பார்க்காமல், தளத்தில் நீங்களே உள்நுழைந்து சரிபாருங்கள். எஸ்க்ரோ கட்டணம் யாருடையது என்பதை விலையோடு சேர்த்து அதே மின்னஞ்சலில் எழுதுங்கள்.

ஆக, இந்த முறை நீங்கள் கட்ட வேண்டியது டாட் நெட், டாட் கோ, டாட் ஏஐ மூன்றுக்குமாக 207 டாலர். மற்ற ஏழு பெயர்களிலும் தானியங்கிப் புதுப்பித்தலை இன்றே அணைத்துவிடுங்கள். பில் தேதிக்குச் சில நாள் முன்பே அட்டையில் பணத்தை எடுத்துவிடும் ரெஜிஸ்ட்ரார்கள் இருக்கிறார்கள்.